பூட்டில்லா வீடு கட்டிய வள்ளல்

காரைக்குடிக்காரர்களிடம் வீட்டின் பெருமையைப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. தெருவுக்குத் தெரு அரண்மனை போன்ற வீடுகள் நிற்கும் பகுதி இது. முன் தெருவில் தலைவாசல் தொடங்கினால் பின் தெருவில்தான் கொல்லைவாசல் முடியும். அவற்றைக் காண்பதற்கென்றே வெளிநாட்டவரும் வருகின்றனர். ஆனால் நான் எழுத வந்தது அந்த வீடுகளைப் பற்றியன்று. நாம் நாள்தோறும் நுழைந்து வெளியேறும் இந்தக் கல்லூரியைப் பற்றியும், இதைச் சூழ்ந்து நிற்கும் கல்வி வளாகத்தைப் பற்றியும் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதுமாறு எங்கள் துறைப் பேராசிரியர் பணித்தார். கட்டடத்தின் வரலாற்றைத் தேடிப் போன நான் ஒரு மனிதரின் வரலாற்றில் போய் நின்றேன். அவர் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

அவருடைய பெயர் நம் அனைவருக்கும் தெரியும். பெயர்ப்பலகையில் படிக்கிறோம், சான்றிதழில் படிக்கிறோம். நாள்தோறும் படிக்கும் பெயரைப் பற்றி நாம் நினைப்பதில்லை என்பதும் உண்மை. நானும் அப்படித்தான் இருந்தேன். அவர் வாழ்க்கையை எழுதுவதற்கு முன் என்னைப் பற்றிச் சில வரிகள் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொன்னால்தான் இந்த வாழ்க்கை என்னை ஏன் தொட்டது என்பது விளங்கும்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பக்கத்து ஊரில் ஒரு நகரத்தார் வீட்டுக்குக் காவலாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலுமாக வாழ்கிறார்கள். சாவிக்கொத்து ஐயாவின் இடுப்பில் இருக்கும். சிறுவனாக இருந்தபோது அதை என்னால் ஒரு கையால் தூக்க முடியாது. விடுமுறை நாட்களில் நானும் அவருடன் போவேன். காலையில் முகப்புக் கதவைத் திறப்பார். திண்ணையைப் பெருக்குவார். காற்றாட நான்கு கதவுகளைத் திறந்து வைப்பார். வௌவால் அடைந்திருந்தால் விரட்டுவார். வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் மறுபடி பூட்டிவிட்டு வெளியே வந்து அமர்வார். படைப்பு என்றாலோ திருமணம் என்றாலோ மட்டும் அந்த வீடு நிறையும். இரண்டு மூன்று நாட்கள் விளக்கெரியும். பிறகு மறுபடியும் பூட்டுத்தான்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பை நான் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை. ஐயாவின் பின்னால் நடந்தே கற்றேன். தெருவிலிருந்து படியேறினால் முகப்பு. அங்கே வந்தவர்களை வரவேற்று அமர்த்தும் திண்ணைகள். அதைத் தாண்டினால் வளவு. வளவு என்பது நடுவே வானம் தெரியும் முற்றம். அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அறைகள் என்பது கணக்கு. அதற்கும் அப்பால் இரண்டாங்கட்டு, பந்தி நடக்கும் இடம். கடைசியில் அடுப்படியும் கிணறும் தோட்டமும். வாசல்கள் ஒன்றுக்கு நேராக ஒன்று அமைந்திருப்பதால், எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டால் முகப்பில் நிற்பவர் கொல்லைப்புறத்து வெளிச்சத்தைக் காணலாம். காற்றும் அந்த வழியே ஓடும்.

மழை குறைந்த, வெயில் மிகுந்த இந்தச் செம்மண் பூமிக்கு ஏற்ற கட்டடக் கலை அது. முற்றத்தில் விழும் மழைநீர் வீணாகாமல் சேரும். சுண்ணாம்புடன் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர், கை வைத்தால் கண்ணாடிபோல் வழுக்கும், கோடையிலும் குளிர்ந்திருக்கும். தூண்களுக்குப் பர்மாத் தேக்கு. தரைக்கு இத்தாலியச் சலவைக்கல். சுவருக்கு ஜப்பானியப் பூவோடுகள். இவற்றோடு, நம் பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணமும் மணலும் சிமெண்டும் இட்டு வார்த்தெடுக்கும் தரைக்கற்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து பொருள் வந்து சேர்ந்த வீடு அது.

இவ்வளவு பொருளும் எங்கிருந்து வந்தது? கடல் கடந்த வாணிபத்திலிருந்து வந்தது. பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் நகரத்தார் வட்டிக்கடை வைத்தனர். 1930களில் உலகமெங்கும் வாணிபம் படுத்தபோது கீழ்ப் பர்மாவின் விவசாயிகள் கடனைத் திருப்ப முடியாமல் நிலத்தை விட்டுக்கொடுத்தனர். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அங்குள்ள முக்கியமான நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தது. பலர் உடுத்திய துணியுடன் கால்நடையாகத் தாயகம் திரும்பினர். 1948இல் பர்மா விடுதலை பெற்றதும் நிலங்கள் நாட்டுடைமையாயின. கடல் கடந்த செல்வம் ஒரு தலைமுறைக்குள் கைவிட்டுப் போயிற்று. செட்டிநாட்டில் மிஞ்சியவை வீடுகளே. அவற்றைப் பராமரிக்க ஆளில்லை. பங்காளிகள் பலராகிவிட்டதால் விற்கவும் எளிதில்லை. பல வீடுகள் பூட்டப்பட்டன. பல இடிக்கப்பட்டுத் தூண்கள் தூண்களாகவும் கதவுகள் கதவுகளாகவும் நம் ஊர்க் கடைகளிலேயே விலைக்கு வந்தன.

செல்வத்தைச் சேர்ப்பது ஒரு திறமை. அது எங்கே போய்த் தங்க வேண்டும் என்று முடிவு செய்வது வேறொரு திறமை. அந்த இரண்டாவது திறமையில்தான் அழகப்பர் தனித்து நிற்கிறார் என்பது என் எண்ணம்.

அழகப்பர் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் பிறந்தார். தந்தை இராமநாதச் செட்டியார். தாய் உமையாள் ஆச்சி. வாணிபக் குடும்பத்துப் பிள்ளைகள் கணக்குப் படித்ததும் கடல் கடந்து கடைக்குப் போய்விடும் காலம் அது. ஊரில் கல்லூரி கிடையாது. கல்லூரியில் படிக்க வேண்டுமானால் புதுக்கோட்டைக்கோ, மதுரைக்கோ, திருச்சிக்கோ, சென்னைக்கோ போக வேண்டும். அழகப்பர் சென்னைக்குப் போனார். மாநிலக் கல்லூரியில் சேர்ந்து ஆங்கில இலக்கியம் பயின்று, 1930இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

மாநிலக் கல்லூரிக் கட்டடத்தை நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். சென்னைக் கடற்கரைச் சாலையில் வங்கக் கடலைப் பார்த்து நிற்கிறது. அதை வரைந்தவர் இராபர்ட் சிசோம் என்ற கட்டடக் கலைஞர். 1864இல் நடந்த போட்டியில் அவருடைய வரைபடம் தேர்வு பெற்றது. கட்டடம் 1870இல் திறக்கப்பட்டது. அதே சாலையில் சிறிது தூரத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம் நிற்கிறது. அதுவும் சிசோம் வரைந்ததே. 1874இல் தொடங்கி 1879இல் முடிந்தது. ஐரோப்பியக் கட்டுமானத்துடன் இசுலாமியக் கட்டடக் கலையின் குவிமாடங்களையும் வளைவுகளையும் கலந்து எழுப்பிய மண்டபம் அது. படிப்பு என்பது எத்துணை உயர்ந்தது என்று காட்ட வேண்டுமென்றே கட்டியவை போல் இரண்டும் நிற்கின்றன.

கோட்டையூரிலிருந்து வந்த இளைஞர் அந்தக் கட்டடத்தின் நிழலில் படித்தார். செட்டிநாட்டில் அவர் பார்த்திருந்த பெரிய கட்டடங்கள் இரண்டே வகை: ஒன்று கோயில், மற்றொன்று வீடு. கோயில் தெய்வத்துக்கு, வீடு குடும்பத்துக்கு. யாருடைய பிள்ளையோ வந்து படித்துவிட்டுப் போவதற்கென்று ஒரு பெரிய கட்டடம் இருக்க முடியும் என்பதை அவர் சென்னையில்தான் கண்கூடாகக் கண்டிருக்க வேண்டும். இது என் ஊகமே. ஆயினும் பின்னாளில் அவர் செய்தவற்றைப் பார்க்கும்போது இந்த ஊகம் எனக்கு வலுப்படுகிறது.

பிறகு இலண்டன் சென்றார். அங்கே மிடில் டெம்பிளில் சட்டம் பயின்று 1933இல் பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டவும் பயிற்சி பெற்றார். தாயகம் திரும்பியவர் வழக்கறிஞராக அமரவில்லை, தொழிலில் இறங்கினார். 1937இல் கொச்சிப் பகுதியில், திருச்சூரை அடுத்து நூற்பாலை தொடங்கினார். அந்த ஆலையைச் சுற்றி எழுந்த ஊர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகிறது. மலாயாவில் இரப்பர்த் தோட்டங்கள், ஈயச் சுரங்கங்கள், இன்சூரன்சு, ஓட்டல், பங்கு வாணிபம் எனப் பல துறைகளில் கால் வைத்தார். விமானக் கம்பெனியும் நடத்தினார். எல்லாத் தொழிலும் நிலைத்தன என்று சொல்ல முடியாது. விமானக் கம்பெனி நெடுநாள் ஓடவில்லை. ஆனால் முன்னோர் செய்த வட்டித் தொழிலை விட்டு, ஆலையும் எந்திரமும் சார்ந்த தொழிலுக்கு வந்ததே அவருடைய தொலைநோக்குக்குச் சான்று. நாற்பது வயதை எட்டும் முன்பே ஆங்கில அரசு அவருக்கு சர் பட்டம் அளித்தது. நாடு விடுதலை பெற்றதும் அவர் அதைத் துறந்தார்.

இந்த வெற்றிகளுக்கு நடுவே ஒரு துன்பமும் அவரைத் தொடர்ந்தது. இளமையிலேயே பற்றிய நோய் அவரை இறுதிவரை விடவில்லை. மருத்துவமும் ஓய்வும் தேவைப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டே அவர் அத்தனையும் செய்தார். தமக்கு நீண்ட ஆயுள் இல்லை என்பதை அவர் உணர்ந்திருக்கக்கூடும். அவருடைய கொடைகளில் காணப்படும் அவசரத்துக்கு எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

நகரத்தார் மரபில் மகமை என்று ஒன்று உண்டு. வாணிபத்தில் வரும் பணத்தில் ஒரு சிறு பங்கை அறத்துக்கென எடுத்து வைப்பது. அந்தப் பணத்தில் கோயில்கள் திருப்பணி கண்டன, காசி முதலிய தலங்களில் சத்திரங்கள் எழுந்தன, வேதபாடசாலைகள் நடந்தன. அந்த அறத்தைப் பெரிய அளவில் உயர்கல்வியின் பக்கம் திருப்பியவர் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார். சிதம்பரத்தில் 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கி, 1929இல் அது பல்கலைக்கழகமாக மலரச் செய்தார். அழகப்பர் அந்த வழியில் வந்தவர். 1944இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து இலட்ச ரூபாய் வழங்கினார். அதைக் கொண்டு கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாயிற்று. வேதிப் பொறியியலும் நெசவுத் தொழில்நுட்பமும் தோல் தொழில்நுட்பமும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் அமைந்தபோது அக்கல்லூரியும் அதன் உறுப்பாயிற்று. இன்றும் அவர் பெயரிலேயே விளங்குகிறது.

ஆனால் காரைக்குடிக்கு விடிவு வந்தது 1947இல்தான். அந்த ஆண்டு ஜூலை 3ஆம் நாள் சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா நடந்தது. பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் இலட்சுமணசாமி முதலியார் அதில் பேசினார். விடுதலை பெறப்போகும் நாட்டுக்குக் கல்லூரிகள் பல வேண்டும் என்றும், செல்வர்கள் முன்வர வேண்டும் என்றும் வேண்டுகோள் விடுத்தார். இத்தகைய வேண்டுகோளைக் கேட்டுக் கைதட்டிவிட்டுப் போவது உலக வழக்கம். கூட்டத்திலிருந்த அழகப்பர் அங்கேயே, அப்பொழுதே, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக உறுதியளித்தார். ஆகஸ்டு 11ஆம் நாள் கல்லூரி திறந்துவிட்டது! சொல்லுக்கும் செயலுக்கும் இடையே நாற்பது நாட்கள்கூட இல்லை. நாடு விடுதலை பெற அப்போது இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.

நாற்பது நாட்களில் கட்டடம் எழுப்ப முடியாது. ஆகவே ஊருக்குள்ளிருந்த காந்தி மாளிகையில் வகுப்புகள் தொடங்கின. நம் கல்லூரியின் முதல் வகுப்பறை அதுதான். இதை நான் படித்தபோது சிறிது நேரம் மேலே படிக்காமல் இருந்துவிட்டேன். கட்டடத்தின் வரலாற்றை எழுதப் புறப்பட்டவனுக்கு, கட்டடம் இல்லாமலேயே கல்லூரி பிறந்தது என்பது முதற்பாடம் ஆயிற்று. செட்டிநாட்டில் வீடு கட்டியவர்கள் முதலில் கல்லும் மரமும் சேர்த்தார்கள். பிறகு அதில் வாழ ஆட்களைத் தேடினார்கள். அழகப்பர் முதலில் மாணவர்களைச் சேர்த்தார். கட்டடம் அவர்களைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தது.

ஓராண்டு கழிந்தது. மையக் குழுவாகிய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் நாட்டில் தேசிய ஆய்வகங்களை நிறுவி வந்த நேரம். தில்லி, பூனா, ஜாம்ஷெட்பூர் என்று ஆய்வகங்கள் பெரிய நகரங்களுக்கும் தொழில் நகரங்களுக்கும் போய்க்கொண்டிருந்தன. மின்வேதியியலுக்கு ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் தருவதாக முன்வந்தார். நிபந்தனை ஒன்றே: அது காரைக்குடியில் அமைய வேண்டும். காரைச் செடியும் செம்புறாங்கல்லும் நிறைந்த வறண்ட பொட்டலுக்கு நாட்டின் பிரதமரே வந்தார். 1948 ஜூலை 25ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி, ஜனவரி 14ஆம் நாள், அப்போது குடியரசுத் துணைத் தலைவராயிருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். உலோகம் துருப்பிடிப்பதைத் தடுப்பது, முலாம் பூசுவது, மின்கலங்கள் செய்வது முதலிய ஆராய்ச்சிகள் அன்று முதல் இங்கே நடந்து வருகின்றன. மின்சாரத்தில் ஓடும் வண்டிகளைப் பற்றி உலகம் பேசும் இந்நாளில் மின்கல ஆராய்ச்சியின் அருமை நமக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அதன்பின் அவர் கைகள் ஓயவில்லை. 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. 1952இல் பொறியியல் கல்லூரி வந்தது. உடற்பயிற்சிக் கல்லூரி, தொழிற்பயிற்சிக் கல்லூரி, குழந்தைகளுக்கான பள்ளி என ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனங்கள் எழுந்தன. மூன்று வயதுக் குழந்தை முதல் ஆராய்ச்சி செய்யும் அறிஞர்வரை ஒரே எல்லைக்குள் கற்கலாம் என்ற நிலை உண்டாயிற்று. திருவனந்தபுரத்தில் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆராய்ச்சி நடைபெறவும் அவர் பொருள் உதவினார். ஊருக்கு மட்டும் செய்தவர் என்று அவரைக் குறுக்கிவிட முடியாது.

இந்தக் கட்டடங்களைச் சற்று நின்று பாருங்கள். செட்டிநாட்டு வீட்டின் சித்திரக் கதவு இங்கே இல்லை. இத்தாலியக் கல் இல்லை. சிசோம் எழுப்பிய குவிமாடமும் இல்லை. நீண்ட தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக வகுப்பறைகள், காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் பெரிய சன்னல்கள், இவ்வளவே. முதலாண்டில் இதைப் பார்த்தபோது, இவ்வளவு செல்வம் படைத்தவர் ஏன் இவ்வளவு எளிமையாகக் கட்டினார் என்று எனக்குத் தோன்றியதுண்டு. இப்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. ஒரு தேக்குத் தூணின் விலையில் எத்தனை பெஞ்சுகள் செய்யலாம் என்ற கணக்கு அது. கட்டடத்தைப் பார்ப்பவர் வியக்க வேண்டும் என்பது ஒரு நோக்கம். கட்டடத்துக்குள் இன்னும் பத்துப் பேர் உட்கார வேண்டும் என்பது மற்றொரு நோக்கம். வள்ளல் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார்.

அவர் வாழ்க்கையில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பெண்களுக்குத் தனியாகக் கல்லூரி வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது அதற்குத் தக்க கட்டடம் இல்லை. புதிதாகக் கட்டும்வரை காத்திருக்க அவருக்கு மனமில்லை. தாம் குடியிருந்த வீட்டையே அதற்குக் கொடுத்துவிட்டார். பிற்காலத்தில் இக்கல்லூரியின் முதல்வராகவும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய வ.சுப. மாணிக்கனார் வள்ளலைப் போற்றிப் பாடியபோது, அவர் செல்வம் ஈந்ததோடு நிறுத்தாமல் இல்லத்தை ஈந்ததையும் சேர்த்தே பாடியிருக்கிறார். செட்டிநாட்டைப் பற்றி அறிந்தவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். இங்கே வீடு என்பது வெறும் இருப்பிடம் அன்று. அது ஒரு குடும்பத்தின் பெயர். முன்னோர் இருந்த இடம். பங்காளிகள் கூடும் இடம். பணத்தைக் கொடுப்பவர் கையிலிருப்பதைக் கொடுக்கிறார். வீட்டைக் கொடுப்பவர் தம்மையே கொடுக்கிறார்.

இதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு ஐயா காவல் காத்த வீட்டின் வளவு கண்முன் வருகிறது. நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், வரிசையாக அறைகள். மகன்களுக்கு என்று கட்டிய அந்த அறைகளில் பாயை விரித்துப் பத்துப் பத்துப் பேராக உட்கார்ந்தால் அதுவே ஒரு கல்லூரிதானே! செட்டிநாட்டு வீட்டுக்கும் கல்லூரிக்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. உள்ளே வர யாருக்கு உரிமை உண்டு என்பதில்தான் வேறுபாடு.

1956இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. மறு ஆண்டு, 1957 ஏப்ரல் 5ஆம் நாள், அவர் மறைந்தார். ஒரு நாள் கழிந்திருந்தால் அவருக்கு நாற்பத்தெட்டு வயது நிறைந்திருக்கும். காந்தி மாளிகையில் முதல் மணி அடித்த நாளிலிருந்து கணக்கிட்டால் பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. அந்தக் குறுகிய காலத்தில், அதுவும் நோயுற்ற உடம்புடன், ஒரு வறண்ட ஊரைக் கல்வி நகரமாக்கிவிட்டுப் போனார்.

அவர் மறைந்த பின்னும் அவர் நட்டது வளர்ந்தது. 1985இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றி, அவர் பெயரால் அழகப்பா பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தது. அதே ஆண்டில்தான் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து நம் மாவட்டமும் பிரிந்தது. அவர் தொடங்கிய கலைக்கல்லூரி இன்று அரசு கலைக்கல்லூரியாக, அதே பல்கலைக்கழகத்தின் இணைப்பில் நடக்கிறது. தனி ஒருவர் கொடுத்தது பொதுவுடைமை ஆகிவிட்டது. அதனால்தான் என்னைப் போன்றவர்களால் இங்கே கால் வைக்க முடிந்தது.

கல்லூரியில் சேர்ந்த அன்று ஐயாவும் என்னுடன் வந்திருந்தார். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அவர் முகப்புக்கு வந்ததும் பழக்கத்தின் காரணமாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். கதவுகளை எண்ணினார். பிறகு, இத்தனை பெரிய வீட்டுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று என்னைக் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அலுவலகத்தில் இருக்கும் என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. இங்கே தினமும் எல்லாக் கதவையும் திறக்கிறார்கள் போலிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தச் சொல்லின் பொருள் இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. முப்பது ஆண்டுகள் ஒரு பெரிய வீட்டைப் பூட்டியே காத்த மனிதர் அவர். திறந்து கிடக்கும் பெரிய வீட்டின் அருமை அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாண்டில் என் மேசையின்மேல் காம்பசு முனையால் என் பெயரைக் கீறி வைத்தேன். அது இன்னும் அங்கே இருக்கிறது. தூண்களிலும் சுவர்களிலும் பெயர் எழுதிய நண்பர்கள் வேறு சிலரும் உண்டு. நம் பெயர் இங்கே நிலைக்க வேண்டும் என்ற ஆசையில் செய்கிறோம். பெயர் நிலைப்பதற்கு வேறு வழி இருக்கிறது என்று காட்டியவரின் கட்டடத்தில் நாம் செய்யும் வேலை அது! சென்ற மாதம் உப்புத்தாள் வாங்கி வந்து அந்த மேசையைத் தேய்த்தேன். கீறல் ஆழமாக விழுந்துவிட்டதால் முழுவதும் போகவில்லை.

நண்பர்களே, செட்டிநாட்டு வீடுகள் அழியக்கூடாது என்று இன்று பலரும் பேசுகின்றனர். 2014ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களும் இடம்பெற்றுள்ளன. நல்லதே. அந்தக் கைத்திறன் போற்றப்பட வேண்டியதுதான். ஆயினும் ஒரு கட்டடம் உயிரோடு இருப்பதற்கு அடையாளம் அதன் தூண்கள் பளபளப்பது மட்டுமன்று. காலையில் யாரோ வந்து கதவைத் திறக்க வேண்டும். திறந்த கதவின் வழியே யாரோ உள்ளே வர வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால், இந்த மாவட்டத்திலேயே உயிருள்ள பெரிய வீடு இதுதான். மாலையில் இதைப் பூட்டுவதுண்டு. மறுநாள் காலையில் திறப்பதற்காகப் பூட்டும் பூட்டு அது.

ஐயாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. காவல் வேலையை விட்டுவிட்டார். இந்த மலர் அச்சாகி வந்ததும் இந்தக் கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்று அன்று அவர் கேட்டதற்கு, இப்போது என்னிடம் ஒழுங்கான விடை இருக்கிறது.